ஒரு தட்டுக்கு நிற்கிற படகு

என் சம்பந்தியின் படகில் ஏறுவதற்கு முன்னால் நான் நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்வேன். உட்காரும் பலகைகளுக்கு அடியில் கட்டியிருக்கும் இரண்டு நீல டிரம்களின் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, தண்ணீர் இறைக்கிற டப்பா கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, என் மிதவைச் சட்டையின் மூன்று பக்கிள்களும் பூட்டிக்கொள்கின்றனவா, மேற்கே மேகம் ஏதும் தெரிகிறதா. நான்கும் சரியாக இருந்தாலும் எனக்கு நிம்மதி வராது. எனக்கு நீச்சல் தெரியாது. எழுபத்தாறு வயதில் இனிமேல் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. மாத்திரைகளை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, படகின் முன்பக்கத்தில் போய் உட்காருவேன்.

இப்படிப்பட்ட ஆள் எதற்காகப் படகில் போக வேண்டும் என்று என் மகள் பெங்களூரிலிருந்து வாராவாரம் போனில் கேட்கிறாள். படகு அவளுடைய மாமனார் மாமியாருடையது. அவர்களிடம் அவள் இதைக் கேட்பதில்லை. கேட்டாலும் அவர்கள் நிற்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

சம்பந்தி தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற கூண்டு கேஜ். அதை மேலே இன்ஜின் வீட்டில் உட்கார்ந்தபடி, பெல் சத்தத்தின் கணக்குப்படி இரும்புக் கயிற்றால் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. நான் அதே ஷாப்டின் வாயில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. இறங்குகிற தலைகளையும் ஏறுகிற தலைகளையும் எண்ணுவது என் வேலை. அவரவர் வேலையிலிருந்து அவரவருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது. அவருக்குக் காது போயிற்று; முகத்தைப் பார்த்து உரக்கப் பேசினால்தான் பிடிபடும். எனக்கு எண்ணுகிற பழக்கம் போகவில்லை. இப்போதும் ஆண்டர்சன்பேட்டை பஸ்ஸில் ஏறினால் முதலில் தலைகளைத்தான் எண்ணுகிறேன்.

சுரங்கத்தை மூடி வேலை நின்ற பிறகு அவர் செய்துகொண்டது அந்தப் படகு. மரப்படகு இல்லை. ஒர்க்ஷாப்பில் வெல்டராக இருந்த நண்பர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு இரும்புத் தகட்டை வெட்டி ஒட்டிச் செய்தது. பன்னிரண்டு அடி நீளம், தட்டையான அடிப்பாகம். கரையிலிருந்து தண்ணீருக்குத் தள்ளுவதற்கு மூன்று பேர் வேண்டும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் ஒரு பெரிய ஏரி வரும். அதன் கரையில், ஒரு புங்கமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார். வாரம் தவறாமல் கணவனும் மனைவியும் அங்கே போய்விடுவார்கள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அந்தப் படகுக்கு ஒரு ஆபத்து வந்தது. ஏரியில் மீன் வளர்க்கிற உரிமை ஒரு சங்கத்திடம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அவர்கள் கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சங்கத்துச் செயலாளர் நாற்பது வயதுக்காரர்; வீட்டில் தெலுங்கு, பஜாரில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் ஒருநாள் புங்கமரத்தடிக்கு வந்து, இந்த வருஷம் குஞ்சு விடுவதற்கு முன்னால் படகை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வயதான இரண்டு பேர் பழைய இரும்புப் படகில் போய் ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் அவர் தலையில் விழும், தூண்டில் நரம்பு அவர்களுடைய வலையில் மாட்டுகிறது, இதெல்லாம் அவர் சொன்ன காரணங்கள். நியாயமான காரணங்கள்தான். நானாக இருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லியிருப்பேன்.

ஆனால் எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் சம்பந்தியின் வீடு பழைய லைன் வீடு. முன்னறை, சமையல் இடம், பின்னால் ஒரு சின்ன முற்றம். முற்றத்தை நானே அடியால் அளந்து பார்த்தேன். குறுக்கிலும் நெடுக்கிலும் படகு அடங்காது. ஏரியை விட்டு எடுத்தால் கேஸ் கட்டரால் வெட்டி இரும்புக் கடையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. சம்பந்தி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று சம்பந்தியம்மா என்னிடம் போனில் சொன்னார்.

பிறகு சம்பந்தியம்மாவே செயலாளரிடம் தனியாகப் போய்ப் பேசியிருக்கிறார். இரண்டு வருஷமாகச் சங்கம் விட்ட குஞ்சுகள் பாதிக்கு மேல் காணாமல் போகின்றன. பழைய ஓடை ஓடின பள்ளத்தில் பெரிய வாளை ஒன்று இருக்கிறது, அதுதான் தின்கிறது, வலைக்கும் மாட்டுவதில்லை என்று வலைக்காரர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாளையை நாங்கள் பிடித்துக் கொடுத்தால்? செயலாளர் யோசித்துவிட்டு, குஞ்சு வண்டி வருகிற நாளுக்குள் பிடித்தால் படகு இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்றிருக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: வலை மிதவைகளைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பக்கம் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார வேண்டும்.

"யாரையாவது கூலிக்கு வெச்சுக்கலாமே சம்பந்தியம்மா" என்றேன்.

"எண்ணத் தெரிஞ்ச ஆளா வேணும் அண்ணா. மிதவை மொத்தம் எத்தினின்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அறுபத்தி இரண்டு. முன்பு ஒருநாள் போனபோதே கரையிலிருந்து எண்ணி வைத்திருந்தேன். அப்படித்தான் மூன்றாவது ஆள் நானானேன்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் படகைக் கவிழ்த்து, ஒரு பக்கம் தூக்கி முட்டுக்கொடுத்துப் பார்த்தோம். அதை அவர்கள் செய்கிற விதத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா வெளிப்பக்கம் குந்தி, சின்னச் சுத்தியலால் ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று தகட்டைத் தட்டிக்கொண்டே வருவார். சம்பந்தி படகுக்கு அடியில் குனிந்து, உள்பக்கம் இரண்டு உள்ளங்கைகளையும் தகட்டில் வைத்துக்கொண்டு கூடவே நகருவார். துரு தின்று தகடு மெலிந்த இடத்தில் அதிர்வு வேறு மாதிரி வருமாம். காது கேட்காத மனிதருக்கு உள்ளங்கை கேட்கிறது. "இங்க" என்பார். சம்பந்தியம்மா சாக்பீஸால் வட்டம் போடுவார். முந்தின வருஷம் ஒன்பது வட்டம். போன வருஷம் பதினான்கு. கூடிக்கொண்டே போகிறதே என்று நான் சொன்னதற்கு, நமக்கு மட்டும் குறைந்துகொண்டா வருகிறது என்று கேட்டார் சம்பந்தியம்மா.

வட்டம் போட்ட இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவை உதிர்த்து, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாள் போட்டார்கள். இரண்டு இடத்தில் ஊசி போகிற அளவு ஓட்டை. அங்கே சம்பந்தி பழைய டியூபை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் வைத்து, வாஷரோடு போல்ட்டைப் போட்டு இறுக்கினார். நட்டு இறுகியதும் ஸ்பேனரை எடுக்காமல் கால் சுற்று பின்னால் விட்டு மறுபடியும் இறுக்கினார். ஏன் என்று கேட்டேன். "முதல் தபா ரப்பர் பொய் சொல்லும் சம்பந்தி" என்றார். பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு கை, அது காய்ந்ததும் சாம்பல் பெயிண்ட் ஒரு கை. துடுப்பு மாட்டுகிற வளையங்களுக்கு கிரீஸ். கையிலிருந்த பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்று படகைப் பார்த்தார். வெட்டிப் போட வேண்டியிருக்கலாம் என்று தெரிந்த ஒரு பொருளுக்கு இப்படிப் பெயிண்ட் அடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை.

இரை வேலை முழுவதும் சம்பந்தியம்மாவுடையது. விடிந்ததும் வலைக்காரர்களிடம் விரல் நீளக் கெண்டைகளாகப் பார்த்து வாங்குவார். கரையில் அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து, முள்ளை நீக்கி, வயிற்றுப் பக்கத்திலிருந்து தோலோடு ஒரு பட்டை எடுப்பார். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் வால் மாதிரி ஒடுங்கி இருக்கும். சதையைச் சீவி மெல்லியதாக்கி, கல்லுப்பு தூவி, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைப்பார். உப்பு ஏறினால்தான் தோல் இறுகித் தூண்டில் முள்ளில் கிழியாமல் நிற்கும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி. வாளையின் பல்லுக்கு நைலான் நரம்பு தாங்காது.

இந்த மீன்பிடிப்பில் படகு நிற்பதே கிடையாது. இரையை முப்பது முப்பத்தைந்து அடி பின்னால் விட்டுவிட்டு, மெதுவாகத் துடுப்பு போட்டுக்கொண்டே போக வேண்டும். அடிபட்ட சின்ன மீன் ஒன்று தனியாகத் தடுமாறிப் போவது போல அந்தப் பட்டை தண்ணீருக்குள் ஆடிக்கொண்டு வர வேண்டும். ஆடாமல் சுற்றினால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் கிட்டே வராது. அதனால் ஒவ்வொரு துண்டையும் முள்ளில் மாட்டியதும் சம்பந்தியம்மா படகோரமாகத் தண்ணீரில் இழுத்துப் பார்ப்பார். பத்து துண்டில் மூன்றுதான் அவரிடம் தேறும்.

"பாருங்க அண்ணா, எப்படி சுத்துதுன்னு. திருவிழா ராட்டினம் மாதிரி. இத்த எந்த வாளை திங்கும்?" என்று கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

அவர்கள் உட்காருகிற முறையைச் சொல்ல வேண்டும், பிறகு நடந்தது அதனால்தான். சம்பந்தி நடுவில் உட்கார்ந்து துடுப்பு போடுவார். துடுப்பு போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். சம்பந்தியம்மா பின்முனையில் அவரைப் பார்த்தபடி நரம்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மோதிரம் போல மாட்டியிருப்பார். நான் முன்முனையில். படகின் பின்பக்க ஓரத்தில் ஒரு ஸ்பேனர் கயிற்றில் தொங்கும். சம்பந்தியம்மா அதை எடுத்து இரும்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் மெதுவாக. மூன்று என்றால் வேகமாக. சம்பந்தியின் காலடிவரைக்கும் அந்த அதிர்வு போய்விடும்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், கையைக் காட்டினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"கைய நம்பி நான் என்னிக்கும் வண்டி ஓட்டனது இல்ல சம்பந்தி. பெல்லுதான்" என்றார் சம்பந்தி.

இரண்டு வாரம் போனோம். காலையில் இரண்டு நடை, மாலையில் ஒரு நடை. விரால் நான்கு வந்தது, கெளுத்தி ஒன்று வந்தது, வாளை வரவில்லை. நான் மிதவைகளை எண்ணினேன், மேகங்களைப் பார்த்தேன், டப்பாவால் உள்ளே சேர்ந்த தண்ணீரை இறைத்தேன். போல்ட்டு போட்ட இரண்டு இடத்திலும் ஒரு சொட்டு கூட வரவில்லை. சேர்ந்த தண்ணீரெல்லாம் துடுப்பிலிருந்து வழிந்தது. அதைச் சம்பந்தியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவும் இல்லை, அடக்கமாக இருக்கவும் இல்லை. "பின்னே?" என்றார்.

குஞ்சு வண்டி வர எட்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில், ஓடைப் பள்ளத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீருக்குள் மூழ்கிச் செத்த கருவேல மரங்களின் நுனிகள் இடது பக்கம் வரிசையாகத் தெரிந்தன. ஆறாவது மரத்தை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் சம்பந்தியம்மா "ஹா" என்று ஒரு சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தேன். மடியில் இருந்த நரம்பு சுற்றிய கட்டை துள்ளி விழுந்து படகுக்குள் உருண்டது. நரம்பு அவர் விரலை இழுத்துக்கொண்டு நேராகப் பின்னால் ஓடியது. தூரத்தில் தண்ணீர் உப்பி, வெள்ளி நிறத்தில் அகலமான ஒரு விலா புரண்டது. அவ்வளவு பெரிய மீன் நம் ஏரியில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம்தான். படகின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் ஸ்பேனர் ஒரு தட்டு தட்டியது.

சம்பந்தியின் இரண்டு துடுப்பும் அந்த நொடியிலேயே செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கின. படகு சுவரில் முட்டியது போல நின்றது. பின்னால் வந்த அலை அடியில் புகுந்து எங்களைத் தூக்கி இறக்கியது. நரம்பு தளர்ந்து தண்ணீர் மேல் சுருண்டு மிதந்தது. முள் சரியாகத் தைக்கும் வரை படகு போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாளை துப்பிவிடும். துப்பிவிட்டது. சம்பந்தியம்மா நரம்பைச் சுற்றி எடுத்தபோது முள்ளில் தோல் நுனி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.



"இன்னாத்துக்கு நிறுத்துனீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"நீ ஒண்ணு அடிச்ச."

"விரல அறுத்துகினு போவுது, பயத்துல அடிச்சேன். எதிர்ல குந்திகினு பாத்துகினுதானே இருந்தீங்க? வாளைய கண்ணால பாக்கல?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"ஒண்ணு அடிச்சா நிக்கணும்."

"அது கேஜு. இது மீனு."

சம்பந்தி துடுப்பை உள்ளே இழுத்துத் துணியால் துடைத்தார். கரைக்கு வந்தபோது செயலாளர் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "பிடிக்கிற நேரத்துல பார்க்கிங் பண்ணிட்டீங்களே தாத்தா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை குஞ்சு வருகிறது என்பதை இன்னொருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர்கள் இருவரும் முன்னால் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மீன் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த இரண்டு துடுப்பும் தண்ணீருக்குள் இறங்கிய விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. வைண்டிங் டிரைவரின் கண்ணுக்குக் கேஜ் தெரியாது. அவர் முன்னால் இருப்பது, கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு முள் காட்டுகிற வட்டத்தட்டு. காதில் வருவது பெல். கயிறு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெல் வந்தால் நிறுத்த வேண்டும். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள், தவறி அடித்தார்களா என்று யோசிக்கிறவர் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை. யோசித்து முடிப்பதற்குள் கேஜ் பல அடி போயிருக்கும்.

ஆபீஸ் வேலையாக நான் கீழே இறங்கியது ஏழே தடவை. ஒருமுறை எங்களோடு வந்த ஒருவரின் டிபன் கேரியர் பிடி கேஜின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேஜுக்குள் எங்களோடு நின்ற பெல்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்று அடித்தார். இருட்டில், பாறைச் சுவருக்கு நடுவில், கேஜ் உடனே நின்றது. கேரியரை உள்ளே இழுத்துக்கொண்டோம். மறுபடியும் போனோம். மேலே டிரைவரிடம் யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு இன்ஜின் வீட்டில் இருந்தது இவரா வேறொருவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இவருடைய ஷிப்டில் காலையில் நான் எண்ணிய தலையும் மாலையில் எண்ணிய தலையும் ஒத்துப்போகாத நாள் எனக்கு நினைவில் இல்லை. கண்ணெதிரே வாளை புரளும்போதும் பெல்லுக்கு நிற்கிற கையாக இருந்ததால்தான் அந்தக் கணக்கு ஒத்துப்போனது. அந்தக் கையிடம் போய் இது மீன்தானே என்று சொன்னால் அதற்குப் புரியாது. புரிய வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் படகுக்கு ஒரு வழி வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டனுக்குப் போனேன். ஸ்பேனரை எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். பெல் இல்லாமல் வண்டி எடுக்க மாட்டேன் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். மீன் கடித்ததும் மூன்று தட்டினால் போதுமே என்றேன். பயத்தில் கை எத்தனை தட்டும் என்று கைக்கே தெரியாது என்றார் சம்பந்தியம்மா. காபியை வைத்துவிட்டு அவரே சொன்னார்: "நான் துடுப்பு போடறேன். நீங்க நரம்பு புடிங்க."

"நீயா?" என்றார் சம்பந்தி.

"போன மாசம் உங்க தோளு வலிச்சப்ப கரைவரைக்கும் யாரு ஓட்டிகினு வந்தது?"

"அது கொஞ்ச தூரம். நடு ஏரில நீ துடுப்பு போட்டு நான் குந்திகினு வந்தா ஊரு சிரிக்கும் மே."

"இப்ப மட்டும் ஊரு கண்ணீர் வுட்டுகினு கீதா?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். சம்பந்திகள் ஒருவர் வீட்டு விஷயத்தில் ஒருவர் வாய் திறக்கக் கூடாது. நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இடம் மாறி உட்கார்ந்து போனோம். சம்பந்தியம்மாவின் துடுப்பு சம்பந்தியுடையது போல அழுத்தமாக விழவில்லை. ஆனால் விட்டுவிட்டு இல்லாமல் ஒரே மாதிரி விழுந்தது. நரம்பைப் பிடித்திருந்த சம்பந்திதான் நிலைகொள்ளவில்லை. நரம்பைப் பார்த்தே உட்கார்ந்திருந்த அவர் முதுகு மனைவியின் பக்கம் இருந்ததால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது; ஸ்பேனரை எடுத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு, மூன்று, மறுபடியும் இரண்டு. முதல் நாள் சம்பந்தியம்மா அதற்கெல்லாம் கேட்டுக்கொண்டு மெதுவாகவும் வேகமாகவும் போட்டார். இரண்டாம் நாள் நான் எண்ணினேன்: இருபது முறை தட்டியதில் ஆறுக்குத்தான் கேட்டார். புதன்கிழமை எதற்குமே கேட்டதாகத் தெரியவில்லை. சம்பந்திக்கு அது பெரிய மனக்கஷ்டம். "பெல் கொடுத்தா எடுக்கணும்" என்று கரைக்கு வந்த பிறகு என்னிடம் முறையிட்டார். எடுக்காத டிரைவரை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் போய்ச் சங்கிலியை மாட்டினார்.

வியாழக்கிழமை கடைசி நாள். மாலையில் காற்று கொஞ்சம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அந்தக் கருவேல மரங்களைத் தாண்டும்போது நரம்பு கனத்தது. துள்ளவும் இல்லை, ஓடவும் இல்லை. தண்ணீருக்குள் கிடக்கிற கட்டை ஒன்றில் மாட்டினது போல வெறுமனே கனத்தது. சம்பந்தி அதுவரை நரம்பைப் பிடித்துப் பழகாதவர். கட்டையில் மாட்டியிருந்தால் படகு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியோடு எல்லாம் அறுந்துபோகும். ஸ்பேனரை எடுத்து ஒரு தட்டு தட்டினார்.

சம்பந்தியம்மா துடுப்பு போட்டார்.

இன்னொருமுறை ஒரு தட்டு, இந்த முறை பலமாக. சம்பந்தியம்மா இன்னொரு துடுப்பு போட்டார். 

"ஒண்ணு அடிச்சேன் மே" என்றார் சம்பந்தி, திரும்பாமலேயே.

"கேட்டுது" என்றார் சம்பந்தியம்மா. மூன்றாவது துடுப்பையும் போட்டார்.

அப்போது கட்டை உயிர் பெற்றது. நரம்பு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. படகின் பின்முனை இரண்டு விரல் அளவு தாழ்ந்தது. சம்பந்தியின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கயிற்றில் தொங்கி ஆடியது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. இழுக்கும்போது விட்டுக்கொடுத்து, தளரும்போது சேர்த்து, இரண்டு கையாலும் நரம்பை வாங்கினார். சம்பந்தியம்மா நிறுத்தாமல், அவசரப்படாமல், பள்ளத்தை விட்டு ஆழமில்லாத பக்கமாகப் படகைத் திருப்பிக்கொண்டு போனார். நான் "மிதவை, வலது பக்கம்" என்று கத்தினேன். அதற்கு மட்டும் கேட்டு ஒதுக்கினார். வாளை எங்களுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. மூன்று முறை ஆழத்துக்கு ஓடப் பார்த்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் யாராவது இறங்கிச் சாக்கை விரிக்க வேண்டியிருந்தது. ஒருவர் கையில் நரம்பு, ஒருவர் கையில் துடுப்பு. நான் இறங்கினேன். செருப்பு சேற்றில் போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. சாக்குக்குள் அதைத் தள்ளிக் கரைக்கு இழுத்துப் போட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது. வாய் காது வரை கிழிந்தது போல அகலம். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னப் பற்கள். மடித்த குடையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குடையை விட நான்கு விரல் நீளம் அதிகம். சம்பந்தியம்மாவின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சம்பந்தி அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்தார். தன் தோளிலிருந்த துண்டை நனைத்து அவர் கையில் சுற்றிவிட்டார்.

செயலாளருக்குப் போன் செய்தோம். வந்ததும் வலைக்காரர் ஒருவரை வைத்து அங்கேயே வயிற்றை அறுக்கச் சொன்னார். உள்ளே சங்கத்தின் கட்லாக் குஞ்சுகள் இருந்தன, ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். ஏழு எண்ணினேன். செயலாளரும் எண்ணினார். அவருக்கும் ஏழுதான் வந்தது.

"யாரு தாத்தா பிடிச்சது?" என்று கேட்டார்.

"அவதான்" என்றார் சம்பந்தி. "நான் ரெண்டு தபா ஒண்ணு அடிச்சேன். அவ நிக்கல. நின்னிருந்தா போயிருக்கும்."

செயலாளருக்குப் பாதி புரியவில்லை. புரிய வைக்க யாரும் முயலவும் இல்லை. படகு அங்கேயே இருக்கட்டும் என்றார். மாதத்துக்கு இரண்டு நாள் ஓடைப் பள்ளத்தில் இப்படியே இரை இழுத்துப் பார்க்க வேண்டும், வாளை வேறு இருந்தாலும் இருக்கும் என்றார். மூன்றாவது ஆள் கட்டாயம் என்பதையும் சொல்ல மறக்கவில்லை. சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பாமலேயே, அண்ணன் வருவார் என்று சொல்லிவிட்டார். வெறும் காலோடு நின்றுகொண்டிருந்த நான் அப்போது எப்படி மறுப்பது?

சங்கத்துப் பங்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, எங்கள் பங்கைச் சாக்கில் கட்டினோம். சம்பந்தி படகைப் புங்கமரத்தடிக்குத் தள்ளி, சங்கிலியை மாட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். துடுப்புகளைத் துடைத்து உள்ளே படுக்க வைத்தார். ரோட்டுக்கு ஏறிவரும்போது நின்றுவிட்டார்.

"இருந்தாலும் பெல்லுக்கு நிக்காதது தப்புதான்" என்றார்.

"தப்புதான்" என்றார் சம்பந்தியம்மா. "வீட்டுக்குப் போனதும் கொழம்புக்குப் புளி ஊற வெக்கட்டுமா, வேணாமா?"

பஸ் வரும் வரை அவர் யோசித்தார். பிறகு, வை என்றார்.